நொண்டி அரசன்

மலர்க் குழுவினர் சரித்திரம் படிப்பித்த சேரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஒரு நொண்டி அரசன்.

பத்தாம் வகுப்பில் மாமரத்திலிருந்து விழுந்தேன். எலும்பு பொருந்தினாலும் நடையில் ஓர் இழுவை தங்கிவிட்டது. ‘நொண்டியன்’ என்று பட்டம் வைக்க வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. சேர் காதில் அது விழுந்தது. யாரையும் ஏசவில்லை, பாடத்திட்டத்தில் இல்லாத கதையொன்றைத் தொடங்கினார்.

1016. இன்றைய உக்ரைனின் தலைநகரான கியெவின் அரியணைக்குச் சகோதரச் சண்டை. தினீப்பர் ஆற்றின் ஒரு கரையில் ஸ்வியாத்தபோல்க், மறுகரையில் மரவேலைக்குப் பேர்போன வடக்கு நகரான நொவ்கொரோத் ஆட்களோடு நம் நொண்டி அரசன் யாரோஸ்லாவ். மூன்று மாதமாக யாரும் ஆற்றைக் கடக்கவில்லை. ஸ்வியாத்தபோல்க்கின் தளபதி கரையோரம் குதிரையில் வந்து கத்துவானாம்: “தச்சுவேலைக்காரரே, இந்த நொண்டியோடு ஏன் வந்தீர்கள்? உங்களை எங்களுக்கு வீடு கட்ட வைப்போம்!” சேர் கதிரையைக் குதிரையாக்கி நடித்தே காட்டினார். அப்புறம் ஓர் இரவு, எதிரி குடித்துக்கொண்டிருக்க, விடியுமுன் இவர்கள் கடந்தார்கள். இறங்கியதும் படகுகளை ஆற்றிலே தள்ளிவிட்டார்கள், திரும்பிப் போக வழி இருக்கக்கூடாதென்று. எதிரிப்படை ஒதுங்கிய ஏரியில் பனிக்கட்டி உடைந்தது.

இடையில் ஒருமுறை கியெவைப் பறிகொடுத்தாலும், 1019 முதல் 1054இல் சாகும்வரை அங்கே ஆண்டவர் அந்த நொண்டிதான். நம் ராஜேந்திர சோழன் காலத்தவர். மகள் ஆன்னா பிரான்சுக்கு அரசியானாள். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் சட்டத்தில் விரலை வெட்டினால் 3 கிரிவ்னா (அக்காலப் பணம்) தண்டம், தாடியைப் பிடுங்கினால் 12! சேர் இதைச் சொன்னதும் முழு வகுப்பும் அவருடைய தாடியைத்தான் பார்த்தது.

புலமைப்பரிசில் கிடைத்து 1984இல் கியெவுக்கே படிக்கப் போனேன். புனித சோபியா தேவாலயம் அப்போது அருங்காட்சியகம். உள்ளே யாரோஸ்லாவின் பளிங்குக் கல்லறைப் பெட்டி, வீட்டுக் கூரை போன்ற மூடியோடு. 1939இல் எலும்புகளை ஆராய்ந்ததில் கால் ஊனம் உண்மையென்று தெரிந்தது என்றார் வழிகாட்டிப் பெண், என் நடையைப் பார்த்தபடியே. அன்றிரவு சேருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன்.

2009இல் பெட்டியை மறுபடி திறந்தார்கள். சோதித்துப் பார்த்தால் யாரோஸ்லாவின் எலும்புகளைக் காணோம். செய்தி அறிந்து ரொறன்ரோவிலிருந்து பழைய வாங்குத் தோழன் தொலைபேசி எடுத்தான். எனக்குப் பட்டம் வைத்தவனே அவன்தான்.

“டேய் நொண்டியா, உன்ர ஆள் எழும்பி நடந்திட்டானாம்!”