பாண்டிச்சேரியில் ஒரு ரீயூனியன் தீவுத் தாத்தா

முதலில் அந்த ஆட்டோ. பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போக 250 ரூபாய் கேட்டார். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. கடலூரிலிருந்து வந்த பஸ் டிக்கெட், வழியில் குடித்த டீ எல்லாம் சேர்த்தாலும் அதில் கால்வாசி வராது. மல்லுக்கட்டி 150க்கு முடித்தேன். அதுவே அநியாயம்.

அடுத்தது பசி. மதியம் ஒரு மணி ஆனால் அந்தப் பக்கம் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கிவிடுகிறது. இனி நாலு மணிக்குத்தானாம். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்று பெருமை வேறு. வயிறு காய்கிறவனுக்கு என்ன பெருமை?

தங்கிய வீட்டு அக்காதான் காப்பாற்றினார். வடவம் தாளித்த வஞ்சிரக் குழம்பு. எண்ணெய் மேலே மிதக்க, பூண்டும் சின்ன வெங்காயமும் கருகலாக வாசம் தூக்க, மூன்று முறை சோறு வாங்கினேன். "கூச்சப்படாத தம்பி, சாப்பாட்டுக்குக் காசு கிடையாது" என்றார். அதற்கப்புறம் ஏன் கூச்சம்?

எதிரே இன்னொரு விருந்தாளி. கறுத்த, ஒல்லியான தாத்தா. பார்த்தால் நெல்லிக்குப்பத்துக்காரர் மாதிரி இருக்கிறார், ஒரு வார்த்தை தமிழ் வரவில்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இன்றும் பிரான்ஸைச் சேர்ந்ததாக இருக்கும் ரீயூனியன் தீவுக்காரர். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வாரிசு. அக்காவுடையது, 1962இல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்த குடும்பம். ஆக ரெண்டு பேர் கையிலும் ஒரே பாஸ்போர்ட். எனக்காக அக்காதான் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் ஓடினார்.

அக்காவின் மகன் பாரிஸில். இப்போது ஜனவரி, நமக்குப் பகல் 12:30 என்றால் அங்கே காலை 8. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்ததும் நாலரை மணி வித்தியாசம் மூன்றரையாகிவிடும், அக்டோபரில் மறுபடி நாலரை. "வருஷத்துல ரெண்டு தடவ அவன் தூக்கத்தக் கெடுத்து திட்டு வாங்குறேன்" என்றார். ரீயூனியனில் அந்த வம்பில்லை. வருஷம் முழுக்க நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அவ்வளவுதான்.

கடிகாரத்தில் தூரமான பாரிஸ் மகன் நல்ல பாண்டித் தமிழ் பேசுகிறான், கோயில் பக்கம் தலைவைப்பதில்லை. கிட்டத்தில் இருக்கும் தாத்தாவுக்குத் தமிழே இல்லை. ஆனால் விரதம் இருந்து தீ மிதிக்கிறார், தைப்பூசக் காவடி எடுக்கிறார். ஒரு நோட்டைக் காட்டினார். முழுக்க மாரியம்மன் பாட்டு, ரோமன் எழுத்தில். கணீரென்று பாடினார். மெட்டு எங்கள் ஊர் கூழ் ஊற்றும் திருவிழாவில் கேட்கிற அதே மெட்டு, சொற்கள்தான் பிய்ந்து கிடந்தன. அக்கா திருத்தப் போனார். தாத்தா கையை ஆட்டி நிறுத்திவிட்டார்: அவர் அப்பா அப்படித்தான் பாடினாராம். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. நான் இதுவரை தீ மிதித்ததில்லை, பாட்டும் முழுசாகத் தெரியாது.

பேச்சு ஆட்டோ பக்கம் திரும்பியது. தாத்தா 400 கொடுத்தாராம், பேரமே பேசாமல். யூரோவில் கணக்குப் போட்டால் ஒன்றுமில்லையாம். இவர்களால்தான் நமக்கும் இந்த ரேட்!

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு அறை வாடகை ஏறிவிடும், வார நாளில் போங்கள். ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மாலையில் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், காலார நடக்கலாம், இலவசம். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. எனக்கு இருபது ரூபாய்தான் ஆனது.