முதல் பத்து விநாடி

12 நவம்பர் 2022, சனி

வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்தப் படமும் திறக்கவில்லை. கோப்புப் பெயர்களுக்குப் பின்னால் அர்த்தமில்லாத நான்கெழுத்து வால் ஒன்று முளைத்திருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்கணக்கு எக்செல், அப்பாவின் ஆதார் நகல், அக்கா கல்யாண ஆல்பம், எல்லாவற்றுக்கும் அதே வால். ஃபோல்டருக்கு ஒரு 'ரீட்மீ' சீட்டு. கோப்புகளைப் பூட்டினவன் கவலைப்பட வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்கிறான். திறந்துவிட 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490. தீபாவளித் தள்ளுபடி இவனுக்கு இன்னும் முடியவில்லை போல.

மத்தியானம் 'விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பெட்டி வெகுநேரம் ஓடியதாம். அது அப்டேட்டே இல்லை. பூட்டிமுடிக்கும் வரை நாம் மெஷினை அணைக்காமல் இருக்க வேண்டுமே, அதற்காகக் காட்டிய பொம்மை. போட்டோ எடிட் பண்ண ஏதோ சாஃப்ட்வேரைக் காசு கட்டாமல் ஓட்ட கிராக் இறக்கியிருக்கிறான் அக்கா மகன். ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஓடும் என்று அந்தத் தளமே சொன்னதாம், அணைத்துவிட்டானாம். திட்ட வாய் வரவில்லை. அவன் அம்மா கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்குத் துணை இருக்கிறாள்.

நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அம்மாவின் ரிசல்ட் செவ்வாய் என்கிறார்கள்.

13, ஞாயிறு

காலையிலிருந்து இதே வேலை. கம்ப்யூட்டரை நெட்டில் விடாமல், போனில் படித்துப் படித்துச் செய்தேன். சீட்டின் வாசகம், தொகை, வால் மூன்றையும் வைத்துப் பார்த்தால் இது ஸ்டாப் டிஜேவு என்கிற ரான்சம்வேர் குடும்பம், அதாவது கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களையே தேடி வருவது. வருகிற வழியும் கிராக்தான்.

குறித்த நேரத்தில் வேலைகளை எழுப்பிவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் 'டைம் டிரிக்கர் டாஸ்க்' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து, புதிதாக ஏதாவது வந்திருந்தால் அதையும் பூட்டுகிற ஏவல். நேற்று ராத்திரி பென் டிரைவைச் செருகிப் பார்க்கலாம் சித்தி என்றவனைத் தடுத்தது நல்லதாய்ப் போயிற்று. அது காட்டிய பாதையில் போனால் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அங்கே எண்ணும் எழுத்துமாக நீளப் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே ஒரு இஎக்ஸ்இ. எந்தத் தளம் எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால் ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் முன்னாலும் 127.0.0.1, நம் கம்ப்யூட்டரின் சொந்த முகவரி. உதவி கேட்டு எங்கே கிளம்பினாலும் நம் வீட்டுத் திண்ணையிலேயே கொண்டுவந்து விடும். விண்டோஸ் எடுத்துவைக்கும் பழைய பிரதிகளையும் அழித்திருக்கிறான்.

பிறகு விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவது. கால் மணி நேரத்தில் பிடித்துத் தூக்கிப் போட்டது. கடவுச்சொல் திருடும் இன்னொன்றையும் இது கூட்டிக்கொண்டு வரும் என்று படித்ததால் அப்பாவின் பேங்க், மெயில் எல்லாவற்றையும் என் போனிலிருந்து மாற்றினேன்.

அப்பா பின்னால் வந்து நின்றார்.

"எடுத்தாச்சா தாயி?"

"எடுத்தாச்சுப்பா."

"அப்ப சரியாப் போச்சுல்ல?"

எடுப்பது வேறு, திறப்பது வேறு. பூட்டினவனை விரட்டியாயிற்று, பூட்டு தொங்குகிறது. "பாக்கலாம்ப்பா" என்றேன்.

"ஒங்கக்காளும் இதத்தான் சொல்றா" என்றபடி போய்விட்டார்.

14, திங்கள்

செவ்வாய் இல்லையாம். வியாழனாம்.

15, செவ்வாய்

சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் நமக்கு அவன் கொடுத்த அடையாள எண். கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள். டி1.

பூட்டும்போது அவனுடைய சர்வர் கிடைத்துவிட்டால் நமக்கென்று தனிச் சாவி செய்வான், அதற்கு மருந்தே கிடையாது. சர்வர் கிடைக்காவிட்டால் கைவசம் வைத்திருக்கும் ஒரே பொதுச் சாவியால் பூட்டுவான். அப்போதுதான் எண் டி1 என்று முடியும். சனிக்கிழமை மழையில் இங்கே நெட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நெட் கம்பெனியை வாழ்த்தினேன்.

எம்சிசாஃப்ட் என்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி இதற்கென்றே 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவச மருந்தை ஓட்டினேன். இப்போதைக்குச் சாவி இல்லை, பின்னால் சாத்தியமாகலாம் என்று வந்தது. எப்போது சாத்தியம்? இதே வால் விழுந்த இன்னொருவர் பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கி, அதை இந்த ஆராய்ச்சிக்காரர்களிடம் கொடுத்தால். ஒரே சாவிதானே, அவருக்குத் திறந்தால் எங்களுக்கும் திறக்கும்.

நாங்கள் கட்டப் போவதில்லை. பாதி என்றாலும் 40,000 ரூபாய். கட்டினால் கொடுப்பான் என்பதற்கு அவன் வாய்ச்சொல்தான் சாட்சி. ஆக, எங்கோ ஒரு ஊரில் எங்களைவிட இடி விழுந்த ஒருத்தர் கட்டட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். படுத்தால் இதேதான். அவர் யார், எதை இழந்தார், எவ்வளவு அவசரம் அவருக்கு.

17, வியாழன்

கார்த்திகை ஒன்று. விடியுமுன்பே மாலை போட்டவர்கள் வண்டி. கம்பமெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்க வேண்டும் என்று மறுபடி ஒருவழிப் பாதை.

ரிசல்ட் வரவில்லை. திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அதை இன்றுதான் சொல்கிறார்கள்.

18, வெள்ளி

இங்கே கம்ப்யூட்டர் கடைக்காரர்: "ஃபார்மட் அடிச்சுரலாம், போனது போனதுதான்." நேர்மையான மனுஷன். தேனியில் ஒருவர் போனில் 60,000 கேட்டார், முழு டேட்டாவும் திரும்பும் என்றார். எப்படி என்று கேட்டால் "அது எங்க டெக்னிக்". 40,000 அவனுக்கு, 20,000 இவருக்கு. டெக்னிக் விளங்கிவிட்டது.

சைபர் குற்றத்துக்கான 1930க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தாயிற்று.

பூட்டிப் பணம் பறிக்கிற இந்த வேலை 1989லேயே உண்டாம். ஃப்ளாப்பியில் அனுப்பி, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் கேட்டிருக்கிறார்கள். அப்பா, "மணியார்டரா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

19, சனி

கூலி நாள். ஜீப்பை விட்டு இறங்கிப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவரவர் சொன்ன நாளுக்கு அப்பா கொடுத்தார். அட்வான்ஸில் யாருக்கு எவ்வளவு நிற்கிறது, யாருக்குப் பிடிக்க வேண்டும், எதுவும் இல்லை. சுருளிப்பட்டி அக்கா தானாகவே, "எனக்கு ரெண்டாயிரம் நிக்கிது மொதலாளி" என்றது. கோம்பைக்காரி வாயைத் திறக்கவில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை.

ராத்திரி மறுபடி 2019 கதை. புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 வரை போன அந்த ஆகஸ்ட். நாம் அதற்கு முந்தின வாரமே காயைப் போட்டுவிட்டோம், அது ஒரு கதை.

20, ஞாயிறு

கிடைத்துவிட்டது. கொஞ்சம்.

இவன் கோப்பை முழுசாகப் பூட்டுவதில்லை. அவசரக்காரன், முதல் 150 கேபியை மட்டும் குதறிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறான். கூலிக்கணக்கு எக்செல் மொத்தமே அதைவிடச் சின்னது, அதனால் முழுசும் போச்சு. ஆனால் பெரிய கோப்பில் தலை மட்டும்தான் போகும், உடம்பு இருக்கும்.

அம்மா எழுத மாட்டாள். சாயங்காலம் யார் வந்தார்கள், யார் வரவில்லை, எத்தனை கிலோ பச்சைக்காய் என்று போனில் பேசி வைப்பாள், நான் வரும்போது எக்செல்லில் ஏற்றுவேன். போன் நிறைந்துவிட்டது என்று எல்லா எம்பி3யையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தோம். ஒன்றை நகலெடுத்து, வாலை வெட்டி, விஎல்சியில் போட்டேன். சத்தமே இல்லை. அப்புறம் சட்டென்று, "…ப்பட்டிக்காரி அரை நாளு, வவுத்து வலின்னு போயிட்டா. கோம்பைக்காரிக்கு ஐநூறு குடுத்திருக்கு."

அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

இந்தத் தரத்தில் 150 கேபி என்றால் ஏறக்குறைய பத்து விநாடி. அம்மா தேதி சொல்வது அந்தப் பத்து விநாடியில்தான். கோப்பின் தேதியைப் பார்க்கலாம் என்றால், எல்லாவற்றிலும் பூட்டின நாள்தான் இருக்கிறது. பெயரிலும் வெறும் வரிசை எண். அதுவும் மாற்றும்போது கலைந்து கிடக்கிறது. கணக்கு இருக்கிறது, நாள் இல்லை.

22, செவ்வாய்

உலகக்கோப்பை ஃபுட்பாலில் அர்ஜென்டினா சவூதியிடம் தோற்றுவிட்டது. மேலே முக்குக்கு முக்கு கட்டவுட் வைத்த ஜீப் டிரைவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ராத்திரி, "சார்ஜ் இல்லடி" என்கிறாள்.

24, வியாழன்

டெல்லி எய்ம்ஸ் சர்வரையே நேற்று இப்படிப் பூட்டியிருக்கிறார்கள். சீட்டு எழுதிக் கையால் வேலை பார்க்கிறார்களாம். நம்மை மட்டும் பிடித்தான் என்று இனி புலம்ப முடியாது.

அக்காவிடம் எல்லா ரிப்போர்ட்டையும் காகிதத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி பீரோவில் வைத்தாயிற்று. புதுசு போட்டு விண்டோஸ் ஏற்றியாயிற்று. அந்தக் கோப்புகளை அழிக்கவும் இல்லை, பெயர் மாற்றவும் இல்லை. சாவி வந்தால் வரட்டும். கழற்றுமுன் மருந்தை இன்றும் ஓட்டினேன். யாரும் கட்டவில்லை இன்னும்.

26, சனி

அம்மாவிடம் போனிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

"இது என்னைக்கும்மா?"

"மழையில மரம் விழுந்து ஜீப்பு திரும்பிருச்சுல்ல, அதுக்கு மறுநா. ஆடி கடைசி வெள்ளி. போடு அடுத்தத."

கோம்பைக்காரிக்கு மொத்தம் எவ்வளவு நிற்கிறது என்பது வரை ஒப்பித்தாள். நர்ஸ் வந்து போனை வைக்கச் சொன்னபோது, "இரு மோளே, கணக்கு நடக்குது" என்று அதட்டியது கேட்டது. ஒரு வாரமாக "ம்" என்பதைத் தவிர எங்களிடம் பேசாதவள்.

அப்பா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றட்டுமா என்றதற்கு, "நோட்டுலயும் இருக்கட்டும்."

28, திங்கள்

ஜூலை, ஆகஸ்டு முடிந்தது. செப்டம்பரில் ஒரு நாள் அம்மாவுக்கே தெரியவில்லை. பின்னால் சேவல் கூவுகிறது, யாரோ இருமுகிறார்கள், நாராயணத்தேவன்பட்டியிலிருந்து புதிதாக இரண்டு பேர் வந்ததாகச் சொல்கிறாள். அவர்களைக் கேட்க வேண்டும்.

ரிசல்ட் வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்களாம். நானும் அப்பாவும் விடிகாலை முதல் பஸ். நோட்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டார். மூன்று மாதம் பாக்கி கிடக்கிறது, ஆஸ்பத்திரியில் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்கிறார்.