ராம்சேஸின் காலில் எழுதப்பட்ட கிரேக்கம்

எகிப்தின் தென்கோடியில், அபு சிம்பெல் குன்றைக் குடைந்து இரண்டாம் ராம்சேஸ் அமைத்த கோயிலின் முகப்பில் அமர்ந்திருக்கும் பேருருவச் சிலைகளுள் ஒன்றின் காலில் கிரேக்க எழுத்தில் சில வரிகள் கீறப்பட்டிருக்கின்றன. கி.மு. 595 முதல் 589 வரை ஆண்ட இரண்டாம் சம்மெட்டிகஸ் என்னும் எகிப்திய மன்னர் எகிப்துக்குத் தெற்கிலிருந்த நூபியாவின் மீது படையெடுத்தபோது, அவரிடம் கூலிக்குப் போரிட்ட கிரேக்க வீரர்கள் எழுதியவை அவை. மன்னர் நைல் ஆற்றுத் தீவான எலிபன்டைனுக்கு வந்த வேளையில் தியோக்கிளிஸின் மகன் சம்மெட்டிகஸோடு படகில் சென்றவர்கள் இதை எழுதினார்கள் என்றும், ஆறு இடங்கொடுத்த தொலைவு வரை போனார்கள் என்றும், வேற்றுமொழியினருக்குப் பொட்டசிம்தோவும் எகிப்தியருக்கு அமாசிஸும் தலைவர்கள் என்றும் அவ்வரிகள் தெரிவிக்கின்றன. எழுதிய இருவர் தம் பெயரோடு தந்தை பெயரையும் மறவாமல் பொறித்திருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் கிறுக்குபவர்களை நாம் இன்று கடிந்துகொள்வது சரியே. ஆயினும், கிரேக்கர்கள் அண்டை நாகரிகங்களோடு எப்படிப் பழகினார்கள் என்று கேட்பவருக்கு, தத்துவ நூல்களைவிட இந்தக் கிறுக்கலையே நான் முதலில் காட்டுவேன்.

தியோக்கிளிஸ் என்பது ஐயமில்லாத கிரேக்கப் பெயர். அவர் தம் மகனுக்கு எகிப்திய மன்னர் குலத்தின் பெயரை வைத்திருக்கிறார். அதாவது, எகிப்தோடு இந்தக் குடும்பத்துக்கு இருந்த உறவு அப்போதே ஒரு தலைமுறையைக் கடந்துவிட்டது. பிறரையெல்லாம் அன்னியர் என்று ஒதுக்கியவர்களாக நாம் பாடநூல்களில் படிக்கும் கிரேக்கர்கள், இங்கே தங்களையே 'வேற்றுமொழியினர்' என்ற பட்டியலில் மறுப்பின்றிச் சேர்த்துக்கொள்வதும் கவனிக்கத்தக்கது. முதலாம் சம்மெட்டிகஸ் அயோனியக் கிரேக்க வீரர்களுக்கும் அவர்களின் அண்டையரான காரிய வீரர்களுக்கும் நைல் கரையில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார் என்றும், எகிப்தியச் சிறுவர்களை அவர்களிடம் விட்டுக் கிரேக்கம் கற்கச் செய்தார் என்றும், அச்சிறுவர்களின் வழிவந்தவர்களே நாட்டின் மொழிபெயர்ப்பாளர்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கூலிப்படையினர் சென்ற திசை எகிப்து மட்டுமன்று. லெஸ்போஸ் தீவின் கவிஞர் அல்கேயஸ், பாபிலோனியர்களுக்காகப் போரிட்டு, பொன் கட்டிய தந்தப் பிடி வாளோடு உலகின் எல்லையிலிருந்து திரும்பிய தம் சகோதரனை வரவேற்றுப் பாடியிருக்கிறார்.

அபு சிம்பெலில் கிரேக்க வரிகளோடு பினீசிய வரிகளும் உள்ளன. கிரேக்கர்கள் அந்தச் சிலையின் காலில் எழுதப் பயன்படுத்திய எழுத்தே பினீசியர்களிடமிருந்து பெற்றதுதான். கிரேக்கத்தின் பழைய மைசீனிய நாகரிகத்தின் அரண்மனைகள் கி.மு. 1200ஐ ஒட்டி அழிந்தபோது அங்கு வழங்கிய பழைய எழுத்துமுறையும் மறைந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, லெவன்ட் எனப்படும் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த பினீசிய வணிகர்களின் 22 எழுத்துகளைக் கிரேக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த 22 எழுத்துகளும் மெய்யொலிகளுக்கே உரியவை. கிரேக்கத்தில் இல்லாத தொண்டை ஒலிகளுக்குரிய குறிகள் சில வேலையின்றி நின்றன. அவற்றை உயிரொலிகளுக்கு ஒதுக்கியபோது, 'ஆலெப்' 'ஆல்பா'வாகி அகர ஒலியையும், 'அயின்' ஒகர ஒலியையும் ஏற்றன. என் மதிப்பீட்டில், கிரேக்கர்கள் கடன் வாங்கிச் செய்த மாற்றங்களுள் இதற்கு ஈடானது வேறில்லை. இந்த எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பொறிப்புகளுள் ஒன்று, ஏதென்ஸில் சுமார் கி.மு. 740இல் ஒரு மதுக் குடுவையின் மீது கீறப்பட்டது. ஆடுவோருள் யார் மிக நளினமாக ஆடுகிறாரோ அவருக்கே இது என்று, செய்யுள் நடையில் அது தொடங்குகிறது. கணக்கெழுதும் வணிகர்களிடம் கற்ற எழுத்து, இவ்வளவு விரைவில் ஆட்டப் பந்தயத்துக்கு வந்துவிட்டது.

நைல் கழிமுகத்தில் இருந்த நாக்ராட்டிஸ் துறைமுகத்தைப் பற்றித் தனியே ஒரு பதிவு எழுதலாம். முன்னே சொன்ன படைத்தலைவரின் பெயரையே கொண்ட, பின்னாளில் ஆண்ட அமாசிஸ் மன்னர் அதைக் கிரேக்கர்களுக்கு அளித்தார். ஒன்பது நகரங்கள் கூடி அங்கே ஒரு பொதுக் கோயிலைக் கட்டின. கவிஞர் சாஃபோவின் சகோதரர் லெஸ்போஸ் மதுவை அங்கே கொண்டுபோய் விற்றார்; ரோடோப்பிஸ் என்னும் கணிகைக்காகப் பெருந்தொகை செலவழித்துத் சகோதரியிடம் கவிதையிலேயே வசை வாங்கினார். இத்தகைய போக்குவரத்தின் காலத்தில்தான் கிரேக்கத்தில் ஆளுயரப் பளிங்கு இளைஞர் சிலைகள் தோன்றின. இடக்கால் முன்வைத்து, கைகளை உடலோடு ஒட்டி, விரல்களை மடக்கி நிற்கும் அந்த நிலை அப்படியே எகிப்தியருடையது. ஆனால் எகிப்தியச் சிற்பி முதுகுக்குப் பின்னே விட்டுவைக்கும் கல் தூணும் இல்லை, இடுப்பு ஆடையும் இல்லை.

கடவுளர் கதைகளிலும் இதே போக்கைக் காணலாம். இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்தூசாவில் கிடைத்த களிமண் பலகைகளில், குமர்பி என்னும் கடவுள் வானக் கடவுளின் ஆண்குறியைக் கடித்து விழுங்கி ஆட்சியைப் பறிக்கிறார். பின்னர் புயல் கடவுளிடம் அதை இழக்கிறார். சில நூற்றாண்டுகள் கழித்து கிரேக்கக் கவிஞர் ஹெசியோடின் பாடலில் குரோனோஸ் அதே குற்றத்தை அரிவாளால் செய்து, இடியேந்திய சியூஸிடம் தோற்கிறார்.

இந்த உறவை மிகைப்படுத்தியவர்களும் அன்றே இருந்தார்கள். கிரேக்கக் கடவுளரின் பெயர்கள் ஏறத்தாழ எல்லாமே எகிப்திலிருந்து வந்தவை என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். அது பொருந்தாது, சியூஸ், ஹெர்மிஸ், டயோனிசஸ் ஆகிய பெயர்கள் மைசீனியக் களிமண் பலகைகளிலேயே உள்ளன. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், ஹெரோடோட்டஸை அன்னியர் மீது மோகம் கொண்டவர் என்று கடுமையாகத் தாக்கினார். அந்தப் புளூட்டார்க்கே டெல்ஃபியில் அப்பல்லோவின் பூசாரி. எகிப்தியக் கடவுளரான ஐசிஸ், ஒசிரிஸ் பற்றி அவர் எழுதிய நூலில்தான், எகிப்தியரின் அந்தக் கதை தொடக்கம் முதல் இறுதி வரை தொடர்ச்சியாக நமக்குக் கிடைக்கிறது.