எலும்பு பிடிக்கும் வரை

பிப்ரவரி 3

இன்று ஸ்கேன். என் கீழ்த்தாடையைத் திரையில் குறுக்குவெட்டாகக் காட்டினார்கள். பல் இருக்க வேண்டிய மேடு கத்தி விளிம்பு மாதிரி மெலிந்து கிடக்கிறது. பல் முளைத்தால்தான் அதைத் தாங்கும் எலும்பும் வளருமாம். எனக்குக் கீழே ஒரு பல்கூட உருவாகவில்லை. மேலே நான்கு, அதுவும் கூம்பு கூம்பாக. வியர்வை வராது, தலைமுடியும் சொற்பம். எல்லாமே எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா என்ற பிறவிக் குறைபாட்டின் கைவரிசை.

அம்மா வழியாக வந்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு பல்தான் கூம்பு. அதற்கே வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்.

பிப்ரவரி 10

"சின்ன வயசிலேயே இம்ப்ளாண்ட் வெச்சிருக்கலாமே?" என்றார் சித்தி. தாடை எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் மாட்டுவதுதான் இம்ப்ளாண்ட். முடியாது சித்தி. வளரும் தாடையில் சொந்தப் பல் எலும்போடு சேர்ந்து மேலேறி வரும். டைட்டானியம் திருகு வராது. வைத்த இடத்திலேயே நின்று, மெல்ல மெல்லப் பள்ளத்துக்குள் போய்விடும். கீழ்த்தாடையில் பல்லே இல்லாத பிள்ளைகளுக்கு, முன்பக்கம் மட்டும் சில சமயம் முன்கூட்டியே வைப்பதுண்டு. எங்கள் டாக்டர் பொறுக்கச் சொன்னார். நான்கு வயதிலிருந்து கழற்றி மாட்டும் பல்செட்தான். இப்போது இருப்பது ஏழாவது. தும்மல் வந்தால் என் கை வாய்க்குப் போவது மரியாதைக்காக அல்ல.

மார்ச் 2

கடைவாய்ப் பக்கத்திலிருந்து எலும்புத் துண்டு எடுத்து முன்னால் ஒட்டியாயிற்று. முகம் பூசணி. நாக்கு சும்மா இருக்காமல் தையல் நூலையே தேடிப் போகிறது.

செப்டம்பர் 14

நான்கு திருகுகள். வலிக்கவில்லை, துளையிடும் அதிர்வு மட்டும் காதுக்குள் கேட்டது. இனி எலும்பு அதைப் பிடிக்கச் சில மாதம்.

படுத்துக்கொண்டு படித்தேன்: ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயல் காலில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்ததாம். 1965இல் முதல் ஆளாக டைட்டானியத் திருகில் பல் வைத்துக்கொண்ட கோஸ்டா லார்சனுக்கும் பிறவியிலேயே தாடைக் கோளாறு. 2006இல் சாகும்வரை அந்தத் திருகுகள் உழைத்திருக்கின்றன. நம்ம ஆள்!

ஜனவரி 21

டாக்டர் திருகைத் தட்டிப் பார்த்தார். 'ணங்' என்றது. பிடித்துவிட்டதாம். புதிய கீழ்ப்பல் வரிசை 'டக்'கென்று அதன்மேல் உட்கார்ந்தது.

ஜனவரி 23

தும்மினேன். பழக்கதோஷத்தில் கை வாய்க்குப் போய்விட்டது. பல் அசையவில்லை. மேல்வரிசைக்கு அடுத்த மாதம் ஸ்கேன்.