கொழுப்பு ஜாஸ்தின்னு யாரையாவது திட்டுறதுக்கு முன்னாடி

"உனக்கு கொழுப்பு ஜாஸ்தி"ன்னு யாராவது யாரையாவது திட்டுறப்ப எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும், ஏன்னா கொழுப்புன்னு ஒண்ணு இல்லாம போயிருந்தா திட்டுறவரும் கிடையாது வாங்கிக்கட்டிக்கிறவரும் கிடையாது, ரெண்டு பேர் செல்லுக்கும் மெம்பிரேன்னு சொல்ற மெல்லிய சுவரே இருந்திருக்காது.

கொழுப்பு, எண்ணெய், கொலஸ்ட்ரால் எல்லாத்துக்கும் பொதுப்பேரான லிப்பிட்ல எனக்கு முதல்ல குழப்பமா இருந்தது அதோட வடிவம்தான். புரோட்டீன்னா அமினோ ஆசிட் வரிசையா கோத்திருக்கும், ஸ்டார்ச்னா குளுக்கோஸ் கோத்திருக்கும், இங்க அப்படி ஒரு பொது டிசைனே கிடையாது. சாதாரண கொழுப்புல கிளிசரால்னு ஒரு சின்ன மூலக்கூறுல ஃபேட்டி ஆசிட்ங்கிற நீளமான கார்பன் சங்கிலி மூணு தொங்குது, கொலஸ்ட்ரால் பார்த்தா நாலு வளையம் ஒட்டின தட்டை மாதிரி இருக்கு, ரெண்டுக்கும் முகஜாடையே ஒத்துப்போகல. தண்ணியோட சேராதுங்கிற ஒரே காரணத்துக்காக ரெண்டையும் ஒரே குடும்பத்துல சேர்த்து வச்சிருக்காங்க.

ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி நாலஞ்சு சொட்டு எண்ணெய் விட்டு சும்மா பாருங்க, பக்கத்துல பக்கத்துல மிதக்குற ரெண்டு வட்டம் மெதுவா நெருங்கி தொட்ட உடனே டபக்குனு ஒண்ணாயிடும். எண்ணெய்க்கு எண்ணெய் மேல அவ்ளோ பாசம்னு நினைப்போம், உண்மையில தண்ணி மூலக்கூறுகள் தங்களுக்குள்ள கை கோத்துக்கிட்டு எண்ணெயை ஓரம் கட்டுது, ஒதுக்கப்பட்டதுங்க ஒண்ணா சேருது, அவ்ளோதான்.

இப்ப செல் சுவரைக் கட்டுற பாஸ்போலிப்பிட்டுக்கு வருவோம். இதுல ரெண்டு ஃபேட்டி ஆசிட் வால், மேல பாஸ்பேட் இருக்குற ஒரு தலை. தலைக்கு தண்ணி வேணும், வாலுக்கு ஆகாது. இந்த மாதிரி இரண்டுங்கெட்டான் ஆளுங்களை தண்ணில போட்டா வாலை எல்லாம் உள்ள மறைச்சு தலையை ரெண்டு பக்கமும் வெளிய காட்டி தானாவே ரெண்டடுக்கா நின்னுடும், ஓரம் திறந்திருந்தா வால் நனையும்ல, அதனால சுருண்டு உருண்டையா மூடிக்கும். கொத்தனாரே இல்லாத சுவர்! மொத்த தடிமன் சுமார் 5 நானோமீட்டர்.

இது ரெண்டடுக்குதான்னு கண்டுபிடிச்ச கதை இன்னும் ஜோர். 1925ல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு டச்சு ஆராய்ச்சியாளர்கள் சிவப்பணுக்களை எடுத்தாங்க. பாலூட்டிகளோட சிவப்பணுல நியூக்ளியஸ் கூட கிடையாது, வெளிச்சுவர் ஒண்ணுதான் மெம்பிரேன், அதனால கணக்குல கலப்படம் வராது. அதுல இருக்குற லிப்பிட்டை அசிட்டோன்ல பிரிச்சு, தண்ணி மேல ஒரே அடுக்கா பரப்பி அளந்தா, செல்லோட மேற்பரப்பு மாதிரி ரெண்டு மடங்கு வந்துச்சு. அப்ப ரெண்டடுக்கு! இதுல காமெடி என்னன்னா அசிட்டோன் எல்லா லிப்பிட்டையும் பிரிக்கல, காய்ஞ்ச செல்லை வச்சு போட்டதால மேற்பரப்பு கணக்கும் கம்மி, ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு விடை மட்டும் சரியா வந்துடுச்சு. எனக்கு பரீட்சைல ஒரு தடவை கூட இப்படி நடந்ததில்ல.

எனர்ஜி சேமிப்பு எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், 1 கிராம் கொழுப்புல 9 கிலோகலோரி, மாவுச்சத்துல 4, அதுக்கு மேல கொழுப்பு தண்ணியை சுமக்காததால இடமும் மிச்சம். சுவரோட குணம்தான் சுவாரசியம். வால் நேரா இருந்தா நெருக்கமா அடுக்கி கெட்டியாகும், கார்பன்களுக்கு நடுவுல டபுள் பாண்ட் (இரட்டைப் பிணைப்பு) வந்து வளைஞ்சிருந்தா இடைவெளி விட்டு இளகும், அதனாலதான் குளிர்ந்த தண்ணில வாழுற மீனுங்க வளைஞ்ச வாலை கூடுதலா வச்சுக்குது. எல்லாரும் வில்லனாக்குற கொலஸ்ட்ரால் நடுவுல நின்னு சூட்டுல ரொம்ப இளகாம, குளிர்ல ரொம்ப இறுகாம பாத்துக்குது.

ரெண்டடுக்கும் ஒரே மாதிரின்னு நினைச்சுடாதீங்க. பாஸ்பாட்டிடைல்செரின்னு ஒரு லிப்பிட், செல் நல்லா இருக்குற வரைக்கும் அதை உள்பக்க அடுக்குலயே பிடிச்சு வச்சிருக்கும், அதுக்குன்னே வெளிய வந்தா திருப்பி உள்ள தள்ளுற புரோட்டீன் இருக்கு. செல் சாக முடிவெடுத்தா அந்த காவல் நின்னு, உள்ள இருந்தது வெளிப்பக்கம் வந்துடும். சுத்திக்கிட்டிருக்குற மேக்ரோஃபேஜ்ங்கிற நோய் எதிர்ப்பு செல் அதை தடவிப் பாத்துட்டு, செல்லை அப்படியே முழுங்கிட்டு போயிடும்.