சேங்கொட்டைப் பால் பட்ட கை: எது கேட்டது, எது கேட்கவில்லை

சேங்கொட்டை மரத்தை எங்கள் பக்கம் யாரும் விரும்பி வளர்ப்பதில்லை. சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவில், குப்பனூர் பாதையை ஒட்டிய காடுகளில் தானாக முளைத்து நிற்கும். கிளை நுனியில் கொத்தாகப் பெரிய பெரிய இலைகள். காய்த்தால் ஆரஞ்சு நிறச் சதைக்குக் கீழே கறுப்பாக ஒரு கொட்டை, முந்திரியின் தம்பி போலத் தொங்கும். காயில்லாத காலத்தில், அதுவும் இளங்கன்றாகப் புதருக்குள் நின்றால், தெரிந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

கோடை மழைக்கு முன்னால் தோட்டத்து வேலியோரப் புதரைக் கழித்துக்கொண்டிருந்தோம். கவாத்துக் கத்தி போன வேகத்தில் ஒரு சேங்கொட்டைக் கிளையும் சேர்ந்து விழுந்தது. பால் என் முழங்கை வரை தெறித்தது. முதலில் தண்ணீர் மாதிரிதான் இருந்தது, காற்றுப் பட்டதும் கறுக்க ஆரம்பித்தது. வேலைக்கு வந்திருந்த ஆயா, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், அதைப் பார்த்ததும் போட்ட சத்தத்தில் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டார்கள். "சேங்கொட்டை சாமி அது! மூஞ்சியத் தொட்றாத. மொதல்ல போயிக் கழுவு, அப்புறம் பேசிக்கலாம்."

அந்த 'மொதல்ல கழுவு'தான் இந்த முழுக்கதையிலும் உருப்படியான வைத்தியம் என்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வரும் ஆறுதல்கள். சேங்கொட்டைப் பால் எண்ணெய்ப் பசை உள்ளது, வெறும் தண்ணீருக்கு அசையாது. ஆயா ஒரு பழந்துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, கறுப்பு படிந்த இடத்தை மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தையே பயன்படுத்தினார். அதன் பிறகு சோப்பு, குளிர்ந்த தண்ணீர், மறுபடியும் சோப்பு. நகக்கண்ணுக்குள்ளும் விடவில்லை. எண்ணெயைத் தடவி அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பாலைக் கரைத்து அகலப் பரப்பிவிடும், எண்ணெய்க்குப் பிறகு சோப்பு கட்டாயம். வெந்நீரும் ஆகாது. பால் தோலோடு பிணைவதற்கு வெகுநேரம் பிடிக்காது. சில நிமிடங்களுக்குள் கழுவினால் பெரும்பகுதி தப்பிக்கலாம், அரைமணி தாண்டிவிட்டால் பலன் ரொம்பக் குறைவு.

நான் கழுவியது கொஞ்சம் தாமதம்தான். தண்ணீர்த் தொட்டி அவ்வளவு தள்ளி இருந்தது. அன்று சாயங்காலம் ஒன்றுமே இல்லை. தப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டேன். இந்த ஒவ்வாமையின் குணமே அதுதான். பட்டவுடன் காட்டாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எழும். முதலில் கோடு கோடாகச் சிவப்பு, பிறகு தடிப்பு, பிறகு நீர் கோத்த கொப்புளங்கள். அரிப்பு என்று சொன்னால் போதாது. தோலுக்கு அடியில் யாரோ உட்கார்ந்து சொறிகிற மாதிரி, வெளியிலிருந்து எட்டவே எட்டாது. ராத்திரியில் அது இரண்டு மடங்கு.

போட்டோவை அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் கலிபோர்னியாவில், சான் ஓசே பக்கம் இருக்கிறான். உடனே போன் வந்தது. "மாமா, போன வருஷம் என் கால் இப்படித்தான் இருந்துச்சு!" அங்கே மலைநடை போகும் பாதைகளில் பாய்சன் ஓக் என்றொரு செடி உண்டாம். மூன்று மூன்று இலையாக, வளைந்த ஓரத்தோடு இருக்கும், கோடையிலேயே சிவக்கத் தொடங்கும், இலை உதிர்ந்த வெறும் குச்சியைத் தொட்டாலும் விடாது. அதன் பாலில் உள்ள எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். சேங்கொட்டையில் இருப்பது அதற்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே குடும்பம், மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பம். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட்டது இந்தக் கொட்டையின் சாற்றால்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டைக் குறி பட்ட இடத்தில் மட்டும் தோல் வெந்துபோனதை அவர்களுடைய மருத்துவர்கள் அப்போதே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆக, அக்கா மகனுக்கு அங்கே சொன்ன கைவைத்தியம் எனக்கும் பொருந்தும் என்று தொடங்கினேன். இதற்குள் தெருவில் பாதிப்பேர் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். சேலத்தில் ஒரு கொப்புளத்துக்கு ஒன்பது மருந்து கிடைக்கும், எல்லாம் இலவசம்.

எனக்கு நன்றாகக் கேட்டது, சிரிக்காதீர்கள், ஈரத்துணி. பழைய வேட்டியைக் கிழித்து, பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கால்மணி நேரம் கையில் சுற்றி வைப்பது. காய்ந்தால் மறுபடி. அரிப்பு அடங்குவதோடு, கசிகிற கொப்புளமும் காய ஆரம்பிக்கும். ஆயா சொல்லியனுப்பிய புளியிலையை வேகவைத்து, ஆறவைத்து, அந்தத் தண்ணீரிலும் நனைத்துப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. புளியிலை வேலை செய்ததா, குளிர்ச்சி வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. குளிர்ச்சி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஆயாவிடம் அப்படிச் சொல்லவில்லை. பாலக்காட்டு நண்பர் ஒருவர், அவர்கள் ஊரில் இதே குடும்பத்து மரம் 'கடித்தால்' தான்றி மரத்தைச் சுற்றி வருவார்கள் என்றார். சுற்றி வந்தாலும் தவறில்லை, இந்தத் தடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே இறங்கக்கூடியது. கடைசியாக எந்த வைத்தியம் செய்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும்.

அடுத்தது ஓட்ஸ். மளிகைக் கடையில் கிடைக்கிற சாதாரண ஓட்ஸ்தான், மசாலா கலந்தது வேண்டாம். மிக்ஸியில் மாவாகப் பொடித்து, ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் பால்போலக் கலக்கி அதில் கையை ஊறவைக்க வேண்டும். அமெரிக்காவில் இதைத் தோலுக்கென்றே தனியாக அரைத்துப் பாக்கெட்டில் விற்கிறார்களாம். ஓட்ஸ் தீர்ந்துபோன அன்று வீட்டில் வடித்த கஞ்சியை ஆறவைத்து ஊற்றிக்கொண்டேன். அதுவும் இதமாகவே இருந்தது. ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துப் போட்டால் கசிவு நிற்கும், ஆனால் காய்ந்ததும் தோலை இழுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் காலமைன் லோஷன் அதைவிடத் தேவலை. இளஞ்சிவப்பாகக் கையில் பூசிக்கொண்டு திருமண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது என்பது மட்டும்தான் குறை.

சோற்றுக்கற்றாழை எல்லோர் வீட்டு மாடியிலும் இருப்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுவே தோலை உறுத்தும். மடலைச் சாய்த்து நிறுத்தி அந்தப் பால் வடிந்த பிறகு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் நன்றாகக் கழுவிப் போட வேண்டும். உடையாத தடிப்புக்கு நல்ல குளிர்ச்சி. உடைந்த கொப்புளத்தில் நான் போடவில்லை. வேப்பிலை வேகவைத்த தண்ணீரையும் ஆறவைத்துக் கழுவத்தான் பயன்படுத்தினேன். அரைத்துப் பூசவில்லை, வேப்பெண்ணெய் பக்கமே போகவில்லை.

குப்பைமேனியை உப்பு வைத்து அரைத்துப் போடச் சொன்னார் எதிர்வீட்டு அம்மா. சாதாரண அரிப்புக்கு எங்கள் வீட்டிலும் போடுவோம். ஆனால் தோல் உடைந்திருக்கும்போது உப்பு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் வேண்டாம் என்றேன். அது எரியும் என்பதற்காக மட்டுமில்லை, மஞ்சள் பூசிய கையில் சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, சீழ் கோத்திருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் கறுத்துக் கொப்பளிக்கும், அது தனி நோய். சுண்ணாம்பு வைக்கச் சொன்னவரிடம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

வீட்டில் இன்னொரு பயம். நான் படுத்த பாயைத் தனியாகச் சுருட்டி வைத்தார்கள், கொப்புளத் தண்ணீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று. ஒட்டாது. அந்த நீரில் மரத்துப் பால் கிடையாது, அது நம் உடம்பு சுரப்பது. இடம் மாறி மாறிப் புதிதாகக் கிளம்புவதைப் பார்த்துத்தான் பரவுகிறது என்று நினைக்கிறோம். பால் குறைவாகப் பட்ட இடம் தாமதமாகக் கிளம்பும், அவ்வளவுதான். இல்லையென்றால் பால் இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எனக்கு அது கத்திப் பிடி. சட்டையைத் தனியாகத் துவைத்தாகிவிட்டது, செருப்பைக் கழுவியாகிவிட்டது, கத்தியை யாரும் நினைக்கவில்லை. இந்த எண்ணெய் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் வீரியம் போகாமல் இருக்கும். தோட்டத்து நாயின் முடியில்கூட ஒட்டியிருக்கலாம். அதற்கு ஒன்றும் ஆகாது, தடவிக்கொடுக்கிறவருக்குத்தான் வரும். பிடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டாலும் துடைத்தோம், கையுறையோடு. வெட்டிய குப்பையைக் கொளுத்த ஆயா விடவில்லை. அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் கையில் வந்தது உள்ளே வந்த மாதிரி. பாய்சன் ஓக்கையும் எரிக்கக் கூடாது என்றுதான் அங்கேயும் சொல்கிறார்களாம்.

பிறகு ஒரு காலையில் கண் இமை வீங்கித் திறக்க முடியாமல் போனது. அங்கே கைவைத்தியம் நின்றது. முகம், கண், பிறப்புறுப்பு, சீழ், காய்ச்சல், மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் ஓட்ஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. சேலத்தில் தோல் மருத்துவரிடம் போனேன். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், முதலில் கூடுதலாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாரக்கணக்கில். கண் திறந்ததும் நிறுத்திவிடலாமா என்றேன். நாலைந்து நாளில் நிறுத்தினால் வந்ததைவிட வேகமாகத் திரும்ப வரும் என்றார். அரிப்பு மாத்திரை என்று நாம் கேட்டு வாங்குவது இதற்குத் தூக்கம்தான் தரும், அரிப்பை அவ்வளவாக நிறுத்தாது என்பதையும் அவரே சொன்னார். மருந்துக்கடையில் 'எல்லாத் தோல் வியாதிக்கும்' என்று எடுத்து நீட்டுகிற கலவைக் களிம்பு ட்யூபை முகத்தில் போட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். எனக்கும் ஒன்று நீட்டப்பட்டிருந்தது, பிரிக்காமல் வைத்திருந்தேன்.

தோட்டத்தில் நிழலுக்கு என்ன மரம் என்று கேட்டார். சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி என்றேன், ஏற்காட்டில் வேறென்ன இருக்கும். அதன் இலையிலும் மரத்தூளிலும் இதே ஜாதி எண்ணெய் உண்டு, ஒருமுறை இப்படிக் கிளம்பினவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார். இப்போது கவாத்துக்கு முழுக்கை சட்டையும் கையுறையும்தான். என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவருக்கு அதே பால் பட்டும் ஒன்றும் ஆகவில்லை. உடம்பு ஒருமுறை பழகி எதிர்த்துக்கொண்ட பிறகுதான் இது வரும், அடுத்த முறை அவருக்கும் வரலாம்.

பத்தியம் கேட்டேன். கத்திரிக்காய், கருவாடு, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். மருத்துவர் சிரித்துவிட்டு, மாம்பழத் தோலையும் காம்புப் பாலையும் மட்டும் தொடாதே என்றார். மல்கோவா வந்து குவிகிற நேரத்தில் இப்படியொரு தீர்ப்பு. வேறு யாராவது கழுவித் தோல் சீவிக் கொடுத்தால் சதையைச் சாப்பிடலாம் என்று அனுமதி கிடைத்தது. வறுத்த முந்திரிப் பருப்புக்கும் தடையில்லை, ஓட்டோடு இருக்கும் பச்சை முந்திரிக்கொட்டைதான் ஆகாது.

தடிப்பு போன பிறகும் கையில் கறுப்புத் தழும்பு நின்றது. நம் தோலுக்கு அது மாதக்கணக்கில் நிற்கும். அதற்கும் எலுமிச்சை, தக்காளி, கடலை மாவு என்று ஆலோசனை வந்தது. நான் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவி, வெயில் படாமல் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டேன். முழங்கைப் பக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, மணிக்கட்டில் போய்விட்டது.