உச்சமும் மந்தமும்

பாளையங்கோட்டையில் காட்சித் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒலி வகுப்பு எடுக்கிறேன். அறிவியல் புனைவுப் படங்களின் இசைக்குப் பாடத்திட்டத்தில் தனி இடம் கிடையாது; நானாகச் சேர்த்துக்கொண்டதுதான். குடும்பப் படத்தில் கதவு சாத்தும் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. விண்கலத்தின் கதவு சாத்தும்போது மட்டும், ‘இதை எதிலிருந்து எடுத்திருப்பான்?’ என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. இல்லாத பொருளுக்கு யாரோ உட்கார்ந்து சத்தம் செய்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் இடித்தது ஆர்க்கெஸ்ட்ராதான். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஓபோ எது, பஸ்ஸூன் எது என்று பிரித்துத் தெரியாது. தெரிந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை என்பது என் கட்சி. வாத்தியத்தின் பேரைக் கேட்பதை விட்டுவிட்டு, மேலே யார் நிற்கிறார், கீழே யார் நிற்கிறார், யாருக்கு யார் வழி விடுகிறார் என்று கேட்கத் தொடங்கினேன். அதற்கான காது இவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். அண்ணாவி பாட, பின்னால் மகுடம் என்ற தோல்பறை இரண்டு. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி அடிக்கும்போது இரண்டும் தனித்தனியாகக் கேட்கும், நடுவே பாட்டும் கேட்கும். திரைப்பட ஒலிக்கலவையில் படுகிற பாடெல்லாம் இதற்குத்தான்.

அதன்பிறகு 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ எளிதாகிவிட்டது. திரையில் இருப்பதெல்லாம் யாரும் பார்த்திராத உலகம். ஆனால் ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவுசெய்த இசையோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாணி. கண்ணுக்கு எல்லாம் புதிது என்பதால் காதுக்குப் பழகியதைக் கொடுத்தார்கள். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட்டும் அதே வழிதான். ஒளிவாளின் ரீங்காரம் பழைய புரொஜெக்டர் மோட்டாரின் உறுமலும் டிவி பிக்சர் டியூபின் இரைச்சலும் சேர்ந்தது. அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு எதிரே மைக்கை வீசி வீசிப் பதிவுசெய்தார். வாள் சுழலும் உணர்வு அப்படி வந்தது. துப்பாக்கிச் சத்தம், வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டியது. இதைச் சொல்லும்போதே, மின்கம்பத்து ஸ்டே கம்பியில் முயலக்கூடாது என்றும் சொல்லித்தான் அனுப்புவேன். கேட்கிற வயசா அது?

1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ வேறு மாதிரி. அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவுசெய்த இசையை ஒதுக்கிவிட்டு, ஸ்ட்ராஸ், லிகெட்டி என்று ஏற்கெனவே இருந்த இசையையே இயக்குநர் குப்ரிக் வைத்துக்கொண்டார். நான் போட்டுக் காட்டுவது அந்த இசையை அல்ல. விண்வெளி உடையின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்து, அதுவும் நின்றுபோகும் இடத்தைப் போடுவேன். பின்வரிசையிலிருந்து, “ஏல, சவுண்டு போயிட்டு, வயரைப் பாருல” என்று குரல் வரும். பேசாமல் இருப்பேன். யாராவது ஒருவருக்குப் பிடிபட்டு, பக்கத்திலிருப்பவனை அதட்டி அடக்கும்வரை அந்த மௌனம் ஓடும்.

விண்வெளியில் என்ன கேட்கும் என்ற கேள்விக்கு ‘கிராவிட்டி’ (2013) இன்னொரு பதில். காற்றில்லாத இடத்தில் சத்தம் பயணிக்காது; ஆனால் கையுறை எதையாவது தொட்டால் அதிர்வு உடம்பு வழியாக வரும். தொட்டது மட்டுமே கேட்கட்டும் என்று வைத்தார்கள். வெடிச்சத்தம் போன இடத்தை ஸ்டீவன் பிரைஸின் இசை எடுத்துக்கொண்டது. அதிலும் தாளவாத்தியம் வேண்டாமென்பது இயக்குநரின் கட்டளை. இசையும் ஒலியும் தங்கள் வேலையை மாற்றிக்கொண்ட படம் என்று இதைச் சொல்வேன். வகுப்பில் காட்ட விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அதிர்வை மின்சாரமாக்கும் மலிவான பீசோ தகட்டை விடுதியின் இரும்புக் கேட்டில் ஒட்டி, மறுமுனையில் நாணயத்தால் தட்டச் சொன்னால் போதும். ஹெட்போனில் கேட்பது பாளையங்கோட்டைச் சத்தமாக இருக்காது.

திசையன்விளைக்காரப் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டு தேரிக்கே கிளம்பிவிட்டார்கள். ‘டியூன்’ (2021) படத்துக்காக மார்க் மஞ்சினியும் தியோ கிரீனும் டெத் வேலி பாலைவனத்தில் மணலைப் பதிவுசெய்த கதையைச் சொல்லியிருந்தேன். நம்மூர்ச் செம்மணல் மேடு அதற்கு எந்த விதத்தில் குறைச்சல்? போனது ஆடி மாதம். காற்று மைக்கை நார்நாராகக் கிழித்தது. பிறகு தகட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி மண்ணுக்குள் புதைத்து மேலே நடந்தார்கள். தேரி மணல் நொறுங்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். காலடி என்று சொல்ல ஒன்றும் பதிவாகவில்லை. ஹாலிவுட்காரர்களும் மணலை மட்டும் நம்பவில்லை. ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற அரிசித் தின்பண்டத்தைக் கலந்துதான் அந்த நறுக்கொலி கிடைத்தது. இவர்கள் கடையில் பொரி வாங்கிக் கலந்தார்கள். மிச்சத்தைத் தின்றுகொண்டே வேலை பார்த்ததால் சில பதிவுகளில் மெல்லும் சத்தமும் சேர்ந்திருந்தது.

எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகாத படம் ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014). ஹான்ஸ் சிம்மர் லண்டன் டெம்பிள் சர்ச்சின் குழலார்கனைப் பயன்படுத்தியது நல்ல யோசனை. காற்று உள்ளே போனால்தான் குழல் பேசும். கதையும் மூச்சுக்காற்றுக்குத் தவிக்கிறவர்களைப் பற்றியது. ஆனால் பல இடங்களில் வசனத்தை இசை மூழ்கடிக்கிறது. இயக்குநர் நோலன் வேண்டுமென்றே அப்படிச் செய்ததாகச் சொன்னார். சாகக் கிடக்கும் பேராசிரியர் உண்மையைச் சொல்லும் இடத்தில் அந்த உண்மையே சரியாகக் கேட்காவிட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. “சாவுக் கிடையில கிடக்கறவரு கணீர்னா பேசுவாரு, சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. என் எரிச்சல் குறையவில்லை.

படிப்பு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் போவது கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குத்தான். ஒருவன் வீரவநல்லூரில் வேலை பார்க்கிறான். தாலி கட்டும் இடத்தில் வழக்கமாகப் போடும் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, மண்டபத்தில் பதிவான கெட்டிமேளத்தையே விட்டிருந்தான். பெண் வீட்டார் பாட்டைக் கேட்டார்கள். சேர்த்துக் கொடுத்தான், தவிலுக்கு வழிவிட்டு, பாட்டின் கீழ்ஸ்தாயி முழுவதையும் வெட்டி.